அன்போடு இடித்த பல்லண்ணை

மனிதர்களைச் சுவரோடு சேர்த்து மோதிவிட்டு, அடுத்த நொடியே அவர்களுக்காக உருகி நின்ற ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் பல்லண்ணை. பூமிப் பந்தின் மேல் முனையில் பிறந்து கீழ் முனைக்கு வந்து சேர்ந்த அந்த மனிதரை நான் தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்தில் சந்தித்தேன். சந்தித்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நடந்தது வேறு.

அப்போது நான் ஆல்பனியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ஏவன்டேலில் பவளக்கா வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். பவளக்கா யாழ்ப்பாணம், நான் திருச்சி. ஆல்பனியிலேயே அறை பார்த்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். பவளக்கா வைக்கும் கத்தரிக்காய்ப் பால்கறியை அவர்கள் சாப்பிட்டதில்லை. அதற்காகத் தினமும் துறைமுகப் பாலத்தைத் தாண்டிப் போய்வருவதில் எனக்கு எந்தச் சிரமமும் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அரைத் தூக்கத்தில் குளியலறைக்குப் போகிறேன். எதிரே ஓர் அலமாரி நடந்து வந்தது. அந்த வீட்டு நடையில் இரண்டு பேர் தாராளமாக ஒதுங்கிப் போகலாம். அலமாரி ஒதுங்கவில்லை. இடுப்பை லேசாக ஒரு பக்கம் திருப்பியது. அவ்வளவுதான், நான் சுவரில் ஒட்டியிருந்தேன், முருகன் படம் போட்ட காலண்டருக்குப் பக்கத்தில்.

“ஐயோ, என்ரை குஞ்சு! நொந்துபோச்சோ? எங்கை, காட்டு பாப்பம்.”

குரல் லாரியின் குரல். வார்த்தையோ, தவழும் குழந்தையிடம் ஒரு தாய் பேசும் வார்த்தை. அந்த ஆள் என் தோளைத் தடவினார். வாயைக் குவித்து ‘ஊ ஊ’ என்று ஊதினார். ஊதும்போதுதான் பார்த்தேன், முன்வரிசையில் ஒரு பல் கூட இல்லை. பிறகு, “என்ரை பிள்ளையை நோகப்பண்ணினதோ இந்தச் சுவர்? இந்தா, சுவருக்கு அடி!” என்று சுவரை ஓங்கி ஓர் அறை அறைந்தார். நம் வீடுகளில் குழந்தை தடுக்கி விழுந்தால் தரையை அடித்துச் சமாதானப்படுத்துவோமே, அதேதான். ஆனால் நியூசிலாந்து வீட்டுச் சுவர்கள் ஏறக்குறைய அட்டை. காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. நான் அந்த வீட்டைவிட்டுப் போகும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

பவளக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். “தம்பி, பயப்படாதையும். இவன் என்ரை அக்காவின்ரை மகன். கனடாவிலையிருந்து ராத்திரித்தான் வந்தவன். ஐஸ் ஹாக்கி விளையாடுற பிள்ளை.”

“விளையாடுறவர்னா, பொழுதுபோக்குக்கா?”

“இல்லைத் தம்பி, அதுதான் அவனுக்கு வேலை. சம்பளத்துக்கு விளையாடுறவன்.”

எனக்குத் தெரிந்த ஹாக்கி புல்லில் ஆடுவது. ஐஸில் ஆடுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதே எனக்குச் செய்தி. அதில் ஒரு தமிழர் பெரும்பகுதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு நம் வீட்டு நடையில் நிற்கிறார் என்றால் நம்பமுடியுமா? அவர் பேரை அன்றே கேட்டேன், சொன்னார். ஆனால் தமிழ்ச் சங்கத்துப் பொடியன்கள் முதல் வாரமே பல்லண்ணை என்று வைத்துவிட்டார்கள். பல் இல்லாதவருக்கு அந்தப் பெயரை வைக்கும் குறும்பு நம்மவர்களுக்குத்தான் வரும். அதன் பிறகு அசல் பெயரை யாரும் தேடவில்லை, நான் உட்பட.

அவருடைய அப்பா அறுபதுகளில் இலங்கையிலிருந்து கனடா போன டாக்டர். வருடத்தில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கும் ஒரு சின்ன ஊரில் அவர் ஒருவர்தான் டாக்டர். அந்த ஊரில் பிள்ளைகளுக்கு இரண்டே பொழுதுபோக்கு: ஐஸ் ஹாக்கி ஆடுவது, ஐஸ் ஹாக்கி ஆடுவதைப் பார்ப்பது. பல்லண்ணை ஆடினார். மகன் மாலையில் இடித்துத் தள்ளிய ஆட்களுக்கு அப்பா இரவில் தையல் போட்டார். குடும்பத் தொழில் நன்றாகவே நடந்திருக்கிறது.

பிறகு வந்தது சம்பள வாழ்க்கை. பெரிய அணி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. சின்னச் சின்ன ஊர்களின் அணிகள். ஒரு பஸ்ஸில் ஏறி, மறுநாள் வரைக்கும் போய், இறங்கி, ஆடி, அடிபட்டு, மறுபடி அதே பஸ்ஸில் ஏறுவதுதான் வேலை. அணிகள் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டாம். ஒரு தடவை அவரைக் கொடுத்துவிட்டு பதிலுக்கு ஒரு பழைய ஸ்கோர்போர்டை வாங்கிக்கொண்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமே இருக்காது.

“நல்ல ஸ்கோர்போர்ட் அது, ராசா. இண்டைக்கும் எரியுதாம்.”

“நீங்க என்ன பொசிஷன்ல ஆடுவீங்க அண்ணே?”

“டிஃபென்ஸ். வலைக்கு முன்னாலை நிக்கிறது. கோல் போடுறது என்ரை வேலை இல்லைக் குஞ்சு. போட வாறவனை ‘வேண்டாம் செல்லம், போ’ எண்டு அனுப்பிறதுதான் என்ரை வேலை.”

அனுப்புகிற விதம் எனக்கு ஏற்கெனவே தெரியும். தோளில் தைலம் தடவிக்கொண்டிருந்தேன்.

அவர் தமிழைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தப் பனி ஊரில் அவரோடு தமிழ் பேசியது அம்மா ஒருவர்தான். அப்பாவுக்கு ஆங்கிலம் போதும். ஆகவே, ஒரு தாய் தன் பிள்ளையிடம் என்னென்ன பேசுவாளோ அதுமட்டும்தான் பல்லண்ணையின் தமிழ். கொஞ்சுவார், திட்டுவார், சாப்பிட்டியோ என்பார், விழுந்திடாதை என்பார். அதற்கு வெளியே ஒரு சொல் கிடையாது. வங்கி மேனேஜர் அவருக்கு ராசா, பஸ் டிரைவர் குஞ்சு. கோயில் தலைவர் ஒருநாள் தும்மியதற்கு அவர் தலையில் கைவைத்து, “நூறு வயசு என்ரை செல்லத்துக்கு” என்றார். தலைவருக்கு அப்போதே எழுபது தாண்டியிருக்கும்.

பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று பவளக்கா கண்டித்த பிறகு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மா மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் அப்பாதான். அப்பாவை அம்மா எப்படிக் கூப்பிடுவார்? “இஞ்சேருங்கோ.” அன்றிலிருந்து மீசை நரைத்த ஆண்கள் எல்லோருமே பல்லண்ணைக்கு ‘இஞ்சேருங்கோ’ ஆகிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் மனைவி கணவனைக் கூப்பிடும் வார்த்தை அது என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பவளக்கா முதலில் வயிறு வலிக்கச் சிரிப்பார். பிறகு சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார். செத்துப்போன அக்காவின் பேச்சு, ஒரு சொல் மாறாமல், இந்தத் தடியன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

முழங்கால் கெட்டுப்போய்க் கனடாவில் ஆடமுடியாமல் ஆனபோதுதான் ஆக்லாந்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஏவன்டேலில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஓர் ஐஸ் அரங்கம் இருந்தது. அங்கே ஓர் அணியும் இருந்தது. பல்லண்ணை ஆடவும் வேண்டும், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும், இடைவேளையில் வண்டி ஓட்டி ஐஸை வழவழவென்று ஆக்கவும் வேண்டும். அந்த வண்டி வேலைக்கு அவரிடம் இருந்த ஒரே தமிழ்ச் சொல் அம்மாவின் சொல்.

“சின்னம்மா, நான் மெழுகப் போறன்” என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போவார்.

ஜூலை மாதத்தில் நானும் கூடப் போவேன், ஆட்டம் பார்க்க அல்ல. அங்கே அது நடுக் குளிர்காலம், அந்த வீட்டை விட ஐஸ் அரங்கம் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும்.

வலைக்கு முன்னால் நின்ற பழக்கம் அவரை எங்கேயும் விடவில்லை. ஞாயிற்றுச் சந்தையில் பவளக்கா கத்தரிக்காய் பொறுக்கும்போது பின்னால் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். வேறு யாரும் அந்தப் பெட்டியை நெருங்கமுடியாது. பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் கோயில் பூசை நடக்கும். பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் இடையில் புகுவதை ஒரு கலையாக வளர்த்திருந்த பெரிய மனிதர்கள் சிலர் உண்டு. பல்லண்ணை வந்த முதல் வாரம் அவர்களில் மூன்று பேர் தாங்கள் எப்படி வரிசையின் கடைசிக்கு வந்தோம் என்று புரியாமல் நின்றார்கள். இடுப்புத் திருப்பம்தான். அடுத்த வாரம் நிர்வாகக் குழு அவரை வரிசைக்குப் பொறுப்பாகப் போட்டது. எங்கள் கோயில் வரலாற்றில் சாம்பார் எல்லோருக்கும் எட்டியது அதன் பிறகுதான்.

அந்த முழங்கால்தான் மாலதியைக் கொண்டுவந்தது. மாலதி பிசியோதெரபிஸ்ட். அவளிடம் காலைக் காட்டப் போன பல்லண்ணை மூன்றாவது தடவை போகும்போது சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். நான்காவது தடவை பவளக்காவிடம் சொல்லிப் பொய்ப்பல் கட்டிக்கொண்டார். ஐந்தாவது தடவை கால் நன்றாகிவிட்டது, ஆனாலும் போனார். மாலதி சிரித்தாளே தவிர வராதே என்று சொல்லவில்லை. பல்லண்ணை வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து, “ராசா, அவவைப் பாத்தா எனக்கு இஞ்சை என்னவோ செய்யுது” என்று நெஞ்சைக் காட்டினார். தொழில்முறை தடுப்பாட்டக்காரர் ஒருவர் தடுக்காமல் விட்ட முதல் விஷயம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலதி சம்மதம் என்றால் போதாது. அவளுடைய அப்பா அதிபர் ஐயா. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியராகப் பாதி ஆயுசைக் கழித்தவர். மனைவி இல்லை, மாலதி ஒரே மகள். படிக்கிற வயதில் வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் ஆக்லாந்தில் பெரிய பள்ளிக்கூடங்கள் இருக்கும் எப்சத்தில்தான் குடியிருப்பேன் என்று அடம்பிடித்தவர். காரணம் கேட்டால், காலையில் பள்ளிக்கூட மணி காதில் விழாவிட்டால் தேத்தண்ணீர் இறங்காது என்பார். இந்த மனிதர் தலையாட்டினால்தான் கல்யாணம். அப்பா சொல் மீறமாட்டேன் என்று மாலதியும் சொல்லிவிட்டாள். பல்லண்ணை அன்று இரவு பால்கறியைத் தொடவில்லை. அவர் சாப்பிடாமல் எழுந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதிபர் ஐயா மாப்பிள்ளை பார்க்க வந்தார். கோட்டு, குடை, நெற்றியில் விபூதி. பவளக்கா ரோல்ஸும் வடையும் அடுக்கிவைத்தார். பல்லண்ணை கோயிலில் சாமி முன்னால் நிற்பதுபோல் நின்றார்.

“என்ன உத்தியோகம் செய்யிறீர்?” என்றார் அதிபர்.

“இஞ்சேருங்கோ, நான் வலைக்கு முன்னாலை நிக்கிறனான்.”

அதிபர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவரை அப்படிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆகியிருக்குமோ. ஒரு வடையைக் கையில் எடுத்துச் சமாளித்துக்கொண்டு, “நிண்டு?” என்றார்.

“வாறவையைத் தள்ளுவன்.”

“ரோல்ஸ் எடுங்கோ ஐயா, சூடு ஆறப்போகுது” என்று பவளக்கா குறுக்கே விழுந்தார்.

“எத்தினை கோல் போட்டிருக்கிறீர்?”

பல்லண்ணை உண்மையிலேயே யோசித்தார். “ஒருக்கால் போட்டனான். பிறகு அது செல்லாது எண்டு கழிச்சுப்போட்டாங்கள்.”

அதிபர் முகம், கணக்கில் முட்டை வாங்கிய பையனின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் ஆயிற்று. குடையைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் அவர் கண் ஷோகேஸில் விழுந்தது. பவளக்காவின் பீங்கான் பொம்மைகளுக்கு நடுவே ஒரு ஷீல்ட். பல்லண்ணையின் பெட்டியில் கிடந்ததைப் பவளக்காதான் துடைத்து மினுக்கி அங்கே வைத்திருந்தார். ஷீல்டில் இருந்தது பிரெஞ்சு எழுத்து. அவர் ஆடிய ஊர்களில் ஒன்று பிரெஞ்சு பேசும் ஊர். அந்த வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது, ஆனால் பெரிதாக ஓர் ஒன்று போட்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

“முதலாமிடமோ?” அதிபரின் குரலே மாறிவிட்டது.

“ஓம் ஐயா! அங்கை விளையாடின அவ்வளவு பேருக்குள்ளையும் முதலாமிடம்” என்றார் பவளக்கா.

அதிபர் குடையைக் கீழே வைத்தார். இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். “எதிலையெண்டாலும் முதலாமிடம் எடுக்கிறவன் முயற்சி உள்ளவன். ஒருக்கா ஆட்டத்தைப் பாத்திட்டு என்ரை முடிவைச் சொல்லுறன்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

கதவு சாத்தியதும் பல்லண்ணை பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தார். சோபா அழுதது. அவரும் அழுகிற நிலையில்தான் இருந்தார்.

“சின்னம்மா, அது நல்ல பிள்ளைக்குக் குடுத்த ஷீல்ட் இல்லை.”

விஷயம் இதுதான். ஐஸ் ஹாக்கியில் தப்பாக இடித்தால் ரெஃப்ரி கையைத் தூக்குவார். இடித்தவர் மைதானத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் போய் இரண்டு நிமிடம் தனியாக உட்காரவேண்டும். ஒரு வருடம் முழுக்க அந்தக் கூண்டில் மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் உட்கார்ந்திருந்தவர் பல்லண்ணை. அந்த ஊர் ரசிகர்கள் வேடிக்கையாக அதற்கு ஒரு ஷீல்ட் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

“பிறகு எதுக்கு அண்ணே கடல் தாண்டித் தூக்கிட்டு வந்தீங்க?”

“எனக்கு வேறை ஒண்டும் ஒருத்தரும் தரேல்லையே, ராசா” என்றார்.

பவளக்காதான் முதலில் தெளிந்தார். “சரி. அந்த மனுசன் ஆட்டம் பாக்க வாற அண்டைக்கு நீ ஒருக்காலும் அந்தக் கூண்டுக்குள்ளை போகக்கூடாது. விளங்கிச்சோ? தம்பி, நீர் ஐயாவுக்குப் பக்கத்திலை இரும். எது நடந்தாலும் நல்லதாச் சொல்லும்.”

தென் தீவிலிருந்து ஓர் அணி வந்த சனிக்கிழமை அந்த ஆட்டம் நடந்தது. அதிபர் கோட்டுக்கு மேல் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் பவளக்கா, அவருக்கு அடுத்து மாலதி. பவளக்கா உதட்டுக்குள் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாலதி ஒரு கவலையும் இல்லாமல் சூடாக ஒரு பொட்டலம் சிப்ஸ் சாப்பிட்டாள்.

எங்கள் அணியின் கோல்கீப்பர் ஒரு தபால்காரர். கவசங்களைக் கழற்றினால் காற்றில் பறந்துவிடுவார், அவ்வளவு மெலிவு. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே எதிரணியில் தாடி வைத்த ஒரு மலை, பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு ஒன்று வைத்து ஆடுவார்களே, அது வேறு பக்கம் போனபிறகும் நிற்காமல் வந்து தபால்காரரைக் கீழே தள்ளிவிட்டுப் போனது. ரெஃப்ரி பார்க்கவில்லை. பல்லண்ணை பார்த்தார். எங்கள் பக்கம் ஒரு தடவை நிமிர்ந்தார். பிறகு பெருமூச்சு விட்டதுபோல் தோள் இறங்கியது. மெதுவாகச் சறுக்கிப்போய் அந்த மலையை ஓரத்துப் பலகையோடு சேர்த்து அணைத்தார். அரங்கமே அதிர்ந்தது.

“ஐயோ, என்ரை குஞ்சு! நொந்துபோச்சோ?” என்று கேட்டது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. “இந்தா, பலகைக்கு அடி!” என்று பலகையை இரண்டு தட்டும் தட்டினார். தாடிக்காரர் விழித்த விழிப்பை நான் மறக்கவில்லை. ரெஃப்ரி கையைத் தூக்கும் முன்பே பல்லண்ணை கூண்டுக் கதவைத் தானே திறந்து, உள்ளே உட்கார்ந்து, தானே சாத்திக்கொண்டார்.

“ஏன் அவரைத் தனிய இருத்தி வைச்சிருக்கினம்?” என்றார் அதிபர்.

“நல்லா ஆடுறவங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பாங்க ஐயா. தனி அறை. ஒரு கௌரவம்.”

“ம்.”

தாடிக்காரர் திருந்தவில்லை. தபால்காரர் மறுபடி விழுந்தார், பல்லண்ணை மறுபடி அணைத்தார், மறுபடி கௌரவம். இரண்டாவது தடவைக்குச் சிறப்பு விருந்தினர் இருக்கை என்று விளக்கினேன். மூன்றாவது தடவைக்கு என்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

“தம்பி,” என்றார் அதிபர், கூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் பாதி ஆயுசு அதிபரா இருந்தனான். பெஞ்சிலை ஒருத்தன் தனிய இருந்தா ஏன் இருக்கிறான் எண்டு எனக்குத் தெரியாதோ? அந்த ஷீல்டும் இதுக்குத்தானே குடுத்தது?”

பவளக்காவின் தேவாரம் பாதியில் நின்றது. மாலதி சிப்ஸைக் கீழே வைத்தாள். நான் என் காலணிகளைப் பார்த்தேன். அதிபர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதை முடிந்தது, நேரே எப்சத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கம் போகவில்லை. படிகளில் இறங்கிக் கூண்டுக்குப் பின்னால் போய்க் கண்ணாடியைக் குடைக் கைப்பிடியால் தட்டினார். என்ன விபரீதமோ என்று நானும் பின்னால் ஓடினேன்.

பல்லண்ணை திரும்பினார், முகம் வெளுத்தது. அந்த உடம்பு அப்படியே எழுந்து நின்றது, வகுப்புக்கு அதிபர் வந்தால் பையன்கள் எழுவதுபோல.

“ஏன் அவனை அடிச்சனீர்?”

“இஞ்சேருங்கோ, அவன் தபால்காரனைத் தள்ளினவன்.”

“அவன் தள்ளினதை ரெஃப்ரி கண்டவரோ?”

“காணேல்லை.”

“அப்ப அதைச் சொல்லியிருக்கலாமே. அவன்தான் முதல் தொடங்கினவன் எண்டு.”

பல்லண்ணைக்குக் கேள்வியே புரியவில்லை. “அவன் தள்ளினது வேறை. நான் அடிச்சது அடிச்சதுதானே. நான்தான் அடிச்சனான், அதுக்கு நான் இருக்கத்தானே வேணும்?”

அதிபர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படியேறி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: “எத்தினை ஆயிரம் பிள்ளையளை நான் விசாரிச்சிருப்பன், தம்பி. எல்லாரும், ‘நான் இல்லை சேர், அவன்தான் சேர்’ எண்டுதான் சொன்னவங்கள். ‘நான்தான்’ எண்டு சொன்னவனை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

அதற்குப் பிறகு அவர் ஆட்டம் பார்த்த விதமே வேறு. ரெஃப்ரியைத் திட்டினார். தபால்காரரை யாராவது நெருங்கினால் குடையை நீட்டினார். ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. தாடிக்காரர் வட்டை நேருக்கு நேர் ஓங்கி ஒரு அடி அடித்தார். தபால்காரர் கீழே கிடந்தார், வலை திறந்து கிடந்தது. பல்லண்ணை குறுக்கே காலை நீட்டினார். கல்லில் சுத்தியல் விழுந்ததுபோல் ஒரு சத்தம். வட்டு வலைக்குள் போகவில்லை. பல்லண்ணையும் எழுந்திருக்கவில்லை.

மாலதி தடுப்பைத் தாண்டிக் குதித்து, சாதாரண செருப்போடு ஐஸில் ஓடினாள். பாதி தூரம் ஓடினாள், மீதி தூரம் உட்கார்ந்தபடியே சறுக்கிப் போய்ச் சேர்ந்தாள்.

முதலுதவி அறைக்கு நாங்கள் போனபோது அவருடைய கால் மாலதியின் மடியில் இருந்தது. வீங்கிய விரலைப் பிடித்துப் பார்த்து, “புரோக்கன்” என்றாள். பல்லண்ணை வலியைக் காட்டாமல் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதிபர் தொண்டையைச் செருமினார். கல்யாணமாகாத மகள் மடியில் ஓர் ஆணின் கால்.

“விரல் சுகப்பட எவ்வளவு காலம் செல்லும்?” என்று மகளிடம் கேட்டார். அவள் ஆறு வாரம் என்றாள்.

“அப்ப அதுக்குப் பிறகு நல்ல நாள் பாப்பம்.” பல்லண்ணை பக்கம் திரும்பினார். “அதுக்கு முதல் இன்னொரு விரலை உடைச்சுக்கொண்டு வந்து நிண்டீரோ, தெரியும்!”

“ஓம், இஞ்சேருங்கோ” என்றார் பல்லண்ணை. பவளக்கா அழுதார். நானும் என்னவோ கண்ணாடியைத் துடைத்தேன்.

கல்யாணத்தில் ஒரு சிக்கல். யாழ்ப்பாண வழக்கத்தில் மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நின்று அவர் காலைக் கழுவி உள்ளே அழைக்கவேண்டும். மாலதிக்குச் சகோதரன் இல்லை. அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“நீர் எனக்குப் பக்கத்திலை இருந்து நல்ல வடிவாப் பொய் சொன்ன ஆள். அப்பிடி எங்களுக்காகப் பொய் சொல்ல ஒரு சொந்தக்காரனாலைதான் முடியும். நீரே செய்யும்.”

ஒரு தமையன் பதவி எனக்கு இப்படித்தான் கிடைத்தது. பள்ளிக்கூட மண்டப வாசல். தவிலும் நாகசுரமும் கேசட்டில். பல்லண்ணை பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாய் பலகையில் ஏறி நின்றார். நான் குனிந்து செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினேன். அன்றுவரை அவர் பாதங்களை நான் முழுதாகப் பார்த்ததில்லை, முதலுதவி அறையில் கண்டது வீங்கிய ஒரு விரலைத்தான், மற்றபடி எப்போதும் கம்பளிக் காலுறை போட்டிருப்பார்.

ஒரு விரல்கூட நேராக இல்லை. ஒன்று பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது, ஒன்றில் நகமே இல்லை. கணுக்காலைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்கும் தழும்புகள், சில அவருடைய அப்பா போட்ட தையலாக இருக்கும். அந்தச் சின்ன ஊர்களில் எல்லாம், பேர் தெரியாத எத்தனையோ மெலிந்த மனிதர்களுக்கு முன்னால் இந்தக் கால்களைத்தான் அவர் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அதற்காக யாரும் எந்த ஷீல்டும் அடிக்கவில்லை. இவரைக் கேலி செய்தே இவ்வளவு நாள் கழித்துவிட்டேன், ஆனால் இவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது அங்கே குனிந்திருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

“கெதியாக் கழுவு ராசா, கூசுது” என்றார் மேலேயிருந்து.

செம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஐயர் உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டினார். நான் எழுந்திருக்காமல், இன்னொரு செம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன், வெந்நீராக.